புதிய கட்டடங்களுக்கான தாக்கக் கட்டணத்தைப் புதுப்பிக்கும் முறை: திருகோணமலைச் சபைகளுக்கு

புதிதாக எழும் கட்டடம் ஒன்றால் சபையின் வீதி, வடிகால், குப்பை அகற்றும் வண்டி ஆகியவற்றுக்குக் கூடுதல் மூலதனச் செலவு வருகிறது. அதில் நியாயமான பங்கைக் கட்டுபவரிடம் ஒரே ஒரு தடவை வாங்குவதுதான் தாக்கக் கட்டணம். ஆண்டுதோறும் வரும் ஆதன வரி வேறு, வரைபடத்தைப் பரிசீலிக்க வாங்கும் கட்டணம் வேறு. இந்த மூன்றும் ஒரே பற்றுச்சீட்டில் கலந்து கிடக்கும் சபையில் புதுப்பித்தலைத் தொடங்க முடியாது. முதலில் அவற்றைப் பிரித்து எழுதுங்கள்.

ஆண்டுக் கடைசியில் வரவு செலவுத் திட்டம் தயாராகும்போது பழைய பட்டியலை எடுத்து எல்லாவற்றுக்கும் 20 வீதமோ 50 வீதமோ கூட்டிவிடுவதே பல இடங்களில் வழக்கம். பழைய எண் எப்படி வந்தது என்று கோப்பில் இல்லாவிட்டால், கூட்டிய எண்ணுக்கும் ஆதாரம் இல்லை. ஒரு ஹோட்டல் முதலீட்டாளரின் சட்டத்தரணி வந்து “இந்த ரூபாய் எதற்கு?” என்று கேட்டால் செயலாளரால் பதில் சொல்ல முடியாமல் போகும். கணக்கு இருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரு தாளை நீட்டினால் போதும். கீழே உள்ள வேலையெல்லாம் அந்த ஒரு தாளுக்காகத்தான்.

முதலில் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை தெளிவானது: பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழோ, நடைமுறையில் உள்ள சட்டத்தின் கீழோ அன்றி எந்த உள்ளூராட்சி மன்றமும் வரியோ வேறு அறவீடோ விதிக்க முடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் “தாக்கக் கட்டணம்” என்ற பெயரில் ஒரு பிரிவைத் தேட வேண்டாம், இல்லை. ஆகவே நீங்கள் புதுப்பிக்கும் ஒவ்வொரு உருப்படிக்கும் எதிரே, அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில், எந்த உபவிதியில், எந்த வர்த்தமானியில் நிற்கிறது என்று ஒரு நிரல் போடுங்கள். நிரல் வெறுமையாக இருக்கும் உருப்படியைக் கூட்டக் கூடாது. அதற்கு முதலில் உபவிதி வேண்டும்.

பெயர் எதுவானாலும் நீதிமன்றம் உள்ளடக்கத்தைத்தான் பார்க்கும். செய்த சேவைக்கும் வாங்கிய தொகைக்கும் பொருத்தம் இருந்தால் அது கட்டணம். பொருத்தம் விட்டுப்போய், சபையின் பொது வருமானத்தை நிரப்பும் அளவுக்குப் பெருத்தால் அது வரி. வரிக்கான அதிகாரம் தனியாகக் காட்டப்பட வேண்டும். இதனால்தான் கணக்கே சபைக்குப் பாதுகாப்பு என்கிறோம்.

அடுத்து, கட்டடம் எழும் காணியானது நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனம் செய்த அபிவிருத்திப் பகுதிக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும், 2021 ஜூலை 8ஆம் திகதிய 2235/54 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகளும் பொருந்தும். அங்கே சபை அனுமதி வழங்குவது அந்த அதிகார சபை ஒப்படைத்த அதிகாரத்தின் கீழ். ஆகவே அந்த ஒழுங்குவிதியில் உள்ள கட்டணத்தைச் சபை தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. பிரகடனத்துக்கு வெளியே 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் சபையின் சொந்த உபவிதிகளும்தான். ஒரே சபைக்குள் இரண்டு வகைப் பகுதியும் இருக்கலாம். அப்படியானால் கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக ஒரு வரைபடத்தில் நிறம் தீட்டிக் கவுண்டரிலேயே ஒட்டிவிடுங்கள். கவுண்டரில் நடக்கும் பிழைகளில் பாதி அங்கேயே தீரும்.

இன்னொரு சரிபார்ப்பு: 2023 மார்ச் 19இல் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை தெரிவான உறுப்பினர்கள் இல்லாமலே நிர்வாகம் நடந்தது. அந்த இடைவெளியில் ஏதாவது கட்டணம் மாற்றப்பட்டிருந்தால், யார், எந்த அதிகாரத்தில் தீர்மானித்தார், பிரசுரம் ஆனதா என்பதைக் கோப்பில் உறுதிப்படுத்திய பின்னரே அதை அடிப்படை எண்ணாக எடுங்கள்.

எது சபையின் சொத்து, எது இல்லை

கணக்கில் முதலில் நுழையும் பிழை இங்கேதான். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. ஈ தரமே சபைக்கு. கண்டி வீதியாக நகருக்குள் வரும் ஏ6, அனுராதபுரத்திலிருந்து வரும் ஏ12, மூதூர் ஊடாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ15, நிலாவெளி ஊடாகப் புல்மோட்டைக்குப் போகும் வீதி ஆகியவற்றில் எவ்வளவு நெரிசல் கூடினாலும், அவற்றை அகலமாக்கும் செலவைச் சபை தன் கட்டணத்துக்குள் கொண்டுவர முடியாது. அவற்றிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள்தான் சபையின் கணக்கு.

குழாய் நீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்குரியது. அது இணைப்புக்குத் தனியாக வாங்குகிறது. மின்சாரமும் அப்படியே. கடற்கரையில் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் வரும் காணிக்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனி அனுமதி வேண்டும். அதற்கான செலவையும் சபையின் பட்டியலில் சேர்க்காதீர்கள். கட்டுபவர் ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் காசு கட்டினார் என்று ஆகக் கூடாது.

மூலதனம் மட்டுமே உள்ளே வரும். தொழிலாளர் சம்பளம், டீசல், வடிகால் துப்புரவு, வீதி விளக்கின் மாதச் செலவு எல்லாம் நடைமுறைச் செலவு. அவை ஆதன வரியிலும் சேவைக் கட்டணத்திலும் வர வேண்டியவை.

வளர்ச்சியை எண்ணுவது

மேலிருந்து வரும் பெரிய திட்ட அறிக்கைகளில் உள்ள மக்கள்தொகை மதிப்பீட்டை அப்படியே எடுத்துப் போடுவதை விட, சபையின் கட்டட விண்ணப்பப் பதிவேடு பெறுமதியானது. கடந்த பத்து ஆண்டுக்குரிய பதிவேட்டை எடுத்து, ஒவ்வோர் ஆண்டுக்கும் அனுமதி பெற்ற கட்டடங்களைத் தரைப் பரப்பு, பயன்பாடு, இடம் என்று மூன்று வகையில் பிரியுங்கள். 2020, 2022 போன்ற முடங்கிய ஆண்டுகளைத் தனியாகக் குறியுங்கள். சராசரியில் கலந்தால் வளர்ச்சி குறைவாகக் காட்டும். அனுமதி பெற்றும் கட்டாமல் கிடப்பவற்றைக் கழிக்க, இணக்கச் சான்றிதழ் (அனுமதித்த வரைபடப்படி கட்டி முடிந்தது என்று கொடுப்பது) எத்தனைக்குக் கொடுக்கப்பட்டது என்பதோடு ஒப்பிடுங்கள். சான்றிதழ் வாங்காமலே குடிபுகுந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதற்கு ஆதன வரிப் பதிவேட்டையும் ஒரு கள நடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திருகோணமலைக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் பருவம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் சுற்றுலாக் கூட்டம் ஏறத்தாழ மேயிலிருந்து செப்டெம்பர் வரை. மழையோ வடகீழ்ப் பருவத்தில், ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. நவம்பரில் வாகனம் எண்ணினால் ஹோட்டல் ஒழுங்கையில் ஒன்றும் ஓடாது. ஓகஸ்டில் வடிகாலைப் பார்த்தால் எல்லாம் வரண்டு கிடக்கும். வாகனத்தைச் சுற்றுலாப் பருவத்தில் ஒரு முழு வாரமும், வடிகாலை அடைமழையிலும் அளவெடுங்கள். எண்ணும் வாரத்தில் போயா விடுமுறையோ கோணேஸ்வரத்துக்குச் சனம் திரளும் நாளோ வந்தால் குறிப்பில் எழுதிவையுங்கள்.

வடிகால்: ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம்

மணல் தரை மழையைக் குடிக்கும். கூரையும் கொங்கிறீட்டும் குடிக்காது. வடிகாலில் இது மட்டும்தான் தாக்கம். ஆகவே இங்கே அறவிட வேண்டிய அலகு வீட்டின் எண்ணிக்கையோ கட்டடத்தின் பெறுமதியோ அல்ல. புதிதாக மூடப்படும் தரையின் சதுர மீற்றர்.

20 பேர்ச் காணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர்; 20 பேர்ச் என்றால் 506. மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் மழை பெய்கிறது என்று வையுங்கள். வெறும் மணல் வளவில் விழுவதில் கால் பங்கு ஓடும் என்று எடுத்தால் (வழிந்தோடல் குணகம் 0.25) செக்கனுக்கு 3.5 லீற்றர் வெளியே வரும். அந்தக் காணியில் 80 வீதத்தைக் கூரையும் சீமெந்து முற்றமும் மூடி, அந்தப் பகுதிக்குக் குணகம் 0.9 ஆனால், முழுக் காணிக்கும் சராசரி 0.77, வெளியே வருவது 10.8 லீற்றர். மூன்று மடங்கு. காணி வாரியாக இதைக் கூட்டிப் பாருங்கள்: ஓர் ஒழுங்கையில் பத்து வளவு இப்படி மாறினால் செக்கனுக்கு 73 லீற்றர் கூடுதலாக அந்தச் சின்ன வடிகாலுக்குள் இறங்கும். பழைய மதகு ஏன் நிரம்பி வீதிக்கு மேலால் பாய்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இப்போது ரூபாய். கீழே வரும் தொகைகள் முறையைக் காட்ட வைத்தவை. உங்கள் எண்களை உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மாகாண விலை அட்டவணையின் நடப்பு ஆண்டுப் பிரதியை வைத்துப் போட வேண்டும்.

ஒரு நீரேந்து பகுதிக்கு (மழைநீர் ஒரே வடிகாலுக்கு வடியும் நிலப்பரப்புக்கு) புதிய வடிகாலும் இரண்டு மதகும் 240 இலட்சம் ரூபாய் என்று மதிப்பீடு. அதில் 40 இலட்சம் மாகாண நிதியிலிருந்து வருகிறது. அதை முதலில் கழியுங்கள். மற்றவர் கொடுத்த காசைக் கட்டுபவரிடம் திரும்ப வாங்கக் கூடாது. மிஞ்சுவது 200 இலட்சம். அந்தப் பகுதியில் ஏற்கெனவே மூடப்பட்ட தரை 60,000 சதுர மீற்றர். அடுத்த பத்து ஆண்டில் வரும் என்று பதிவேடு காட்டுவது 20,000. புதிய வடிகால் இரண்டு தரப்புக்கும் பயன்படுவதால், வரப்போகிறவர்களின் பங்கு 80,000இல் 20,000, அதாவது கால் பங்கு: 50 இலட்சம். அதை 20,000ஆல் வகுத்தால் சதுர மீற்றருக்கு 250 ரூபாய்.

மீதி 150 இலட்சம் ஏற்கெனவே குடியிருப்பவர்களின் குறை. அதைப் புதிதாக வருபவர் தலையில் கட்டுவதுதான் இந்த வேலையில் செய்யக்கூடிய மிகப் பெரிய அநியாயம், கட்டணம் சவாலுக்கு உள்ளாகும் முதலாவது காரணமும் அதுவே. சபை அந்த 150ஐ வேறெங்கிருந்து எடுக்கப் போகிறது என்று அதே அறிக்கையில் எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் வடிகாலும் கட்டப்படாது, வாங்கிய காசுக்கும் நியாயம் இல்லை.

இன்னொரு கழிவும் உண்டு. புதிய வீட்டுக்காரர் நாளை ஆதன வரி கட்டுவார். அதில் ஒரு பகுதி இதே வடிகாலின் கடனை அடைக்கப் போகலாம். அதை இன்றைய பெறுமதிக்குக் கணித்துக் கழிக்க வேண்டும். சதுர மீற்றருக்கு 30 ரூபாய் வந்தது என்று வைத்தால் கட்டணம் 220. மேலே சொன்ன 20 பேர்ச் காணியில் மூடப்படுவது 405 சதுர மீற்றர். தொகை 89,100 ரூபாய்.

கட்டுபவர் கூரைத் தண்ணீரை உறிஞ்சு குழியிலோ தொட்டியிலோ பிடித்தால் தள்ளுபடி கொடுங்கள். ஆனால் நிபந்தனையோடு. கரையோர மணலில் கோடையில் தோண்டும் குழி அழகாக உறிஞ்சும். மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வந்து அதே குழி நிரம்பி நிற்கும். குழியின் அடி மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பக்கத்துக் கிணற்றில் டிசம்பர் மாத மட்டத்தைப் பார்த்தே தள்ளுபடியை அனுமதிக்க வேண்டும். தொட்டியானால் மழைக்கு முன் அது வெறுமையாக இருக்குமா, கூரைக் குழாய் உண்மையில் அதற்குள்தான் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

வீதி: இரண்டு வேறு தாக்கம்

கட்டி முடிந்த பின் வரும் வாகனம் ஒன்று, கட்டும்போது வரும் லொறி இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் கணக்குப் போடாதீர்கள்.

முதலாவதற்கு, நிலாவெளிப் பக்கம் 600 மீற்றர் ஒழுங்கை ஒன்றில் 40 அறை ஹோட்டல் வருகிறது என்று வைப்போம். வாகனங்களைக் கார் அலகாக மாற்றி எண்ண வேண்டும்: மோட்டார் சைக்கிள் காரை விடக் குறைவு, பேருந்தும் லொறியும் அதிகம். பயன்படுத்தும் மாற்று எண்களை வீதிப் பொறியியலாளரிடம் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். இன்று நாளொன்றுக்கு 400 அலகு ஓடுகிறது. வளர்ச்சியால் 200 கூடும். அதில் 80 இந்த ஹோட்டலுடையது. இந்த 80ஐ ஊகித்து எழுதாமல், அதே கரையில் ஏற்கெனவே நடக்கும் அதே அளவு விடுதியின் வாசலில், பருவ காலத்தில் எண்ணிப் பெற வேண்டும். விருந்தினர் வாகனத்தோடு ஊழியரின் மோட்டார் சைக்கிள், மீன், மரக்கறி, காஸ் கொண்டுவரும் வான், கல்லி பவுசர் எல்லாம் அதில் வரும்.

வீதியை அகலமாக்கிக் கொங்கிறீட் போட 180 இலட்சம். இன்றைய 400 அலகுக்கு மட்டும் திருத்துவதானால் 72 இலட்சம் போதும். ஆகவே வளர்ச்சிக்கான மேலதிகம் 108 இலட்சம். 200ஆல் வகுத்தால் அலகுக்கு 54,000. ஹோட்டலின் பங்கு 43 இலட்சத்து 20 ஆயிரம். வீதி அகலிப்புக்காக ஹோட்டல்காரர் தன் முன்பக்கத்தில் 200 மீற்றர் நீளத்தில் ஒரு மீற்றர் விட்டுக் கொடுத்தால் அது 7.9 பேர்ச். பேர்ச் 2 இலட்சம் என்று மதிப்பீடு வந்தால் 15 இலட்சத்து 80 ஆயிரத்தைக் கழித்து 27 இலட்சத்து 40 ஆயிரம் வாங்க வேண்டும். காணியையும் எழுதி வாங்கி முழுத் தொகையையும் வாங்கினால் அது இரட்டை அறவீடு.

வடிகாலில் புதியவரின் பங்கைப் பரப்பு விகிதத்தில் பிரித்தோம். இங்கே மேலதிகச் செலவை மட்டும் எடுத்தோம். இரண்டும் ஏற்கத்தக்க முறைகள். ஒரே சொத்துக்கு இரண்டையும் கலப்பதுதான் தவறு.

கட்டும்போது வரும் லொறிக்குத் தாக்கக் கட்டணம் வேண்டாம், மீள்தரும் வைப்பு போதும். வீதிக்கு ஏற்படும் சேதம் அச்சுப் பாரத்தின் (வாகனத்தின் ஒரு சில்லு அச்சு வீதியில் அழுத்தும் நிறையின்) நான்காம் அடுக்கில் கூடும் என்பது வீதிப் பொறியியலில் நெடுநாளைய விதி: 6 தொன் அச்சை 12 தொன்னாக ஆக்கினால் சேதம் இரட்டிப்பாகாது, 16 மடங்காகும். நிறை ஏற்றிய மணல் டிப்பர் ஒன்று மெல்லிய ஈ தர வீதியைச் சில வாரங்களில் முடித்துவிடும். அதனால் வேலை தொடங்கும் முன் வீதியின் முழு நீளத்தையும் 20 மீற்றருக்கு ஒன்றாகத் திகதியோடு படமெடுத்து, கட்டுபவரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் கையெழுத்திட வேண்டும். முடிந்ததும் அதே இடங்களில் மீண்டும் படம். சேதம் இல்லாவிட்டால் வைப்பு முழுதாகத் திரும்ப வேண்டும், இழுத்தடிக்காமல். இதைப் பொது வருமானத்தில் வரவு வைத்தால் திருப்பிக் கொடுக்கும் நாளில் காசு இராது.

குப்பை பற்றி நீட்ட வேண்டியதில்லை. புதிய உழவு இயந்திரம், பெட்டி, கொம்பக்டர் (குப்பையை அழுத்தி ஏற்றும் வண்டி), தரம்பிரிக்கும் நிலையம் ஆகியவற்றின் விலையை மட்டும் எடுத்து, நிறுவனம் நாளுக்குப் போடும் கிலோவால் பகிருங்கள். ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் வீட்டுக்கும் வெவ்வேறு கிலோ. உங்கள் வண்டியில் இரண்டு வாரம் நிறுத்துப் பார்த்த எண்ணே போதும்.

யாருக்குச் சலுகை, எங்கே ஓட்டை

தனி வீடுகளுக்குத் தரைப் பரப்பு வாரியாக ஏறும் கட்டணமே நீதி. வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைத்தால் பாலையூற்றில் இரண்டு அறை வீடு கட்டுபவரும் உவர்மலையில் மாடி கட்டுபவரும் ஒன்றாகிவிடுவார்கள். மீள்குடியேற்ற வீடுகள், அரச உதவி வீடுகள், குறிப்பிட்ட பரப்புக்குக் குறைந்த முதல் வீடு ஆகியவற்றுக்கு விலக்கு அளிப்பது எங்கள் பார்வையில் கட்டாயம். இந்த மாவட்டத்தில் இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பத்திடம் வடிகாலுக்கு வாங்கும் காசு, கூரை ஓடு வாங்கக் கடன்பட்ட காசாக இருக்கும். ஆனால் விலக்குக் கொடுத்தவரின் பங்கை மற்றக் கட்டடங்கள் மீது ஏற்ற முடியாது. அதைச் சபை தன் நிதியில் பொறுக்க வேண்டும், எவ்வளவு என்று வரவு செலவுத் திட்டத்தில் காட்ட வேண்டும்.

ஓட்டைகளில் பெரியது பயன்பாட்டு மாற்றம். வீடு என்று அனுமதி எடுத்து, இரண்டு வருடத்தில் பலகை மாட்டி விடுதியாக்குவது கரையோரம் எங்கும் உண்டு. கட்டணம் கட்டடத்தோடு மட்டும் நில்லாமல், பயன்பாடு மாறும்போது வித்தியாசத்தை அறவிடலாம் என்று உபவிதியிலேயே எழுத வேண்டும். வியாபார அனுமதிப்பத்திரம் கொடுக்கும் மேசையும் கட்டட மேசையும் ஒரே ஆதன இலக்கத்தைப் பார்த்தால் இது தானாக அகப்படும்.

அடுத்தது துண்டாக்கல். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரிக்கும்போது வீதி போக மிச்சத்தில் 10 வீதத்தைப் பொது, பொழுதுபோக்கு இடத்துக்கு ஒதுக்க வேண்டும். ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 395 பேர்ச். 390 பேர்ச் துண்டாக இரண்டு வரைபடம் வந்தால் தாய் வரைபடத்தை (பிரிப்பதற்கு முந்திய முழுக் காணியின் வரைபடத்தை) கேளுங்கள். நில அளவையாளரின் குறிப்பில் அது இருக்கும். இப்படி இடம் ஒதுக்கியவரிடம் விளையாட்டுத் திடலுக்கென்று தனிக் கட்டணம் வாங்க வேண்டாம்.

தீர்மானம், பிரசுரம், இடைக்காலம்

கணக்கு அறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் சபை அலுவலகத்திலும் நூலகத்திலும் வைத்து, ஒப்பந்தக்காரர், ஹோட்டல்காரர், கிராம அபிவிருத்திச் சங்கம் என்று மூன்று தரப்பையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரே கூட்டத்தில் எல்லோரும் இருந்தால் சங்கத்துக்காரர் வாய் திறக்க மாட்டார்கள். பிறகு சபைத் தீர்மானம். உபவிதிக்கு அது மட்டும் போதாது. உள்ளூராட்சி ஆணையாளர் ஊடாக மாகாண அங்கீகாரமும் வர்த்தமானிப் பிரசுரமும் வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின், அமைச்சர் செய்ய வேண்டியது ஆளுநரிடம் இருக்கிறது. கோப்பு போய்வர மாதங்கள் ஆகும் என்று வைத்தே ஆண்டின் முற்பகுதியில் தொடங்குங்கள்.

கட்டணம் கூடப் போகிறது என்று தெரிந்ததும் விண்ணப்பங்கள் குவியும். அதைத் தடுக்கப் பார்க்காமல் விதியைத் தெளிவாக்குங்கள்: நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன் எல்லா ஆவணத்தோடும் பாரம் எடுக்கப்பட்ட விண்ணப்பத்துக்குப் பழைய கட்டணம். வரைபடம் இல்லாமல் வெறும் படிவத்தை நீட்டி இடம் பிடிப்பது செல்லாது. அனுமதியை நீட்டிக்க வருபவருக்கு எந்தக் கட்டணம் என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள்.

வாங்கும் நேரமும் முக்கியம். விண்ணப்பத்தோடு வாங்கினால் கட்டாமல் விட்டவருக்குத் திருப்ப வேண்டிவரும். இணக்கச் சான்றிதழ் வரை விட்டால் பலர் சான்றிதழே கேட்டு வர மாட்டார்கள். வீடுகளுக்கு அனுமதி கொடுக்கும்போது, பெரிய கட்டடங்களுக்குப் பாதி அனுமதியிலும் பாதி வங்கி உத்தரவாதத்தோடு பிறகும் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

காசை எங்கே வைப்பது

தனி வங்கிக் கணக்கு. வடிகால், வீதி, குப்பை என்று தனித்தனிப் பேரேடு. நீரேந்து பகுதி அல்லது வட்டார வாரியாக உப தலைப்பு. சாம்பல்தீவு வடிகாலுக்கு வாங்கியது வேறொரு வட்டார வீதிக்குப் போனால், பணம் கையாடப்படாவிட்டாலும் கட்டணத்தின் அடிப்படை போய்விடும். மாதக் கடைசியில் சம்பளத்துக்கு முட்டுப்படும்போது இந்தக் கணக்கிலிருந்து “கடனாக” எடுக்கும் ஆசை வரும். அதற்குச் சபைத் தீர்மானம் இன்றி அனுமதி இல்லை என்று முதலிலேயே எழுதுங்கள்.

இந்த ஒழுக்கத்தை அமெரிக்க ஊராட்சிகள் வழக்குப்பட்டுத்தான் கற்றன. கலிபோர்னியாவில் 1987ஆம் ஆண்டுத் தணிப்புக் கட்டணச் சட்டம், செலவழியாமல் கிடக்கும் தொகை எதற்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை காரணம் காட்டச் சொல்கிறது. 2021இல் வந்த ஏபி 602 என்ற அந்த மாநிலச் சட்டம், கட்டணத்தின் அடிப்படை ஆய்வைக் குறைந்தது எட்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது. அங்கே எல் டொராடோ கவுண்டியில் ஒரு சிறிய தொழிற்சாலைத் தயாரிப்பு வீட்டுக்கு 23,420 டொலர் போக்குவரத்துக் கட்டணம் கேட்ட வழக்கில், பட்டியல் சட்டசபை வழியாக வந்தது என்பதற்காக அது தாக்கத்தோடு பொருந்த வேண்டும் என்ற சோதனையிலிருந்து தப்பாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏகமனதாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி, இங்கே எந்தக் கட்டுபவரும் கேட்கக்கூடியதே.

ஆண்டுதோறும் சுட்டெண், ஐந்தாண்டில் முழுக் கணக்கு

ரூபாயில் நிலைநிறுத்திய கட்டணம் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை 2022 காட்டியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்கு 69.8 வீதம் ஏறியிருந்தது. ஆனால் வடிகால் கட்ட அரிசி விலை தேவையில்லை. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை வெளியிடும் நிர்மாண விலைச் சுட்டெண்ணையே பயன்படுத்துங்கள். எந்தச் சுட்டெண், எந்த மாதம் அடிப்படை, எந்த மாதத்தோடு ஒப்பிடுவது என்பது உபவிதியில் இருந்தால் ஆண்டு மாற்றம் வெறும் பெருக்கல்: அடிப்படை மாதத்தில் 100, இப்போது 112 என்றால் 220 ரூபாய் 246.40 ஆகும், சதத்தை விட்டு 246.

இறங்கினால் இறக்கவும் வேண்டும். இன்னொரு கவனம்: திட்டச் செலவை இந்த ஆண்டு விலை அட்டவணையில் புதிதாகப் போட்டுவிட்டு அதன் மேல் சுட்டெண்ணையும் பெருக்கினால் ஒரே விலையேற்றத்தை இரண்டு தடவை அறவிட்டதாகும். முழுக் கணக்கு போடும் ஆண்டில் சுட்டெண் இல்லை. அடிப்படை மாதம் அன்றிலிருந்து மாறும்.

ஐந்தாம் ஆண்டில் திட்டப் பட்டியலைத் திறந்து, கட்டி முடித்ததை எடுத்துவிடுங்கள். கைவிட்ட திட்டத்துக்கு வாங்கிய தொகை இருந்தால் கட்டியவர்களுக்குத் திருப்பும் வழியைத் தீர்மானியுங்கள். பதிவேட்டு வளர்ச்சி எதிர்பார்த்ததை விடக் குறைந்திருந்தால் அலகுக் கட்டணத்தை ஏற்றி ஈடுகட்டக் கூடாது. திட்டத்தின் அளவைத்தான் சுருக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டு மார்ச்சுக்கு முன் ஒரு பக்க அறிக்கை ஒன்றை அலுவலக அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்: ஆரம்ப மீதி, வாங்கியது, வட்டி, எந்த வடிகாலுக்கு எவ்வளவு, விலக்குக்குச் சபை பொறுத்தது, முடிவு மீதி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டிய விபரம்தான் இது. கணக்காய்வாளர் வரும்போதும் இதே பக்கத்தோடு பற்றுச்சீட்டுக் கட்டையும் வைப்புப் பேரேட்டையும் நீட்டுங்கள்.